மனத்தில் நிற்கும் பக்கம்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



    

இன்றைய நிகழ்ச்சி நிரலில், நமது மக்தப் மத்ரஸாவிற்குப் புதிய பாடநூல் அச்சிடுவதற்கான செலவினம் ஒரு பொருளாக வைக்கப்பட்டுள்ளது. இப்போதுள்ள நூலில் இன்னும் முன்னூறு பிரதிகள் அலமாரியில் இருக்க, மீண்டும் ஏன் பணம் செலவிட வேண்டும் என்று சிலர் கேட்டுள்ளனர். நியாயமான கேள்வி. அதற்கு விடை சொல்லும் கடமை நமக்கே உரியது. ஏனெனில் அந்த நூலை ஏழு ஆண்டுகளுக்கு முன் தொகுத்தவர் வேறு எவரும் அல்லர், நாமே. அதில் நேர்ந்த பிழையும் நம்முடையதே.

சென்ற ஷஅபான் மாதத்தில் நடைபெற்ற ஆண்டுத் தேர்வில் ஒன்பது வயதுள்ள ஒரு பிள்ளை ஓத வந்தான். வெளியூரிலிருந்து தேர்வு எடுக்க வந்திருந்த ஆலிம் அவனிடம், "தம்பி, நீ வீட்டை விட்டு வெளியே புறப்படுகிறாய். என்ன ஓதுவாய்?" என்று கேட்டார்கள். பிள்ளை விழித்துக் கொண்டு நின்றான். அருகிலிருந்த உஸ்தாது, "முதலிலிருந்து ஓது" என்று எடுத்துக் கொடுத்ததும், உண்ணும் முன், உண்ட பின், உறங்கும் முன், விழித்த பின் என்று நூலில் உள்ள வரிசைப்படியே மளமளவென்று ஓதி, வீட்டிலிருந்து வெளியேறும் துஆவையும் ஓதிக் கடந்து, அதற்கு அடுத்ததையும் ஓதத் தொடங்கிவிட்டான். தான் கேட்கப்பட்டதை ஓதிவிட்டோம் என்பதே அவனுக்குத் தெரியவில்லை.

தேர்வாளர் அவனைத் தட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டு, நம் நூலை வாங்கிப் புரட்டினார்கள். நாற்பது துஆக்களைப் பதினாறு பக்கங்களில் நெருக்கி அச்சிட்டிருந்தோம். ஒவ்வொரு துஆவின் தலைப்பும் உடல் எழுத்தைவிடச் சிறியதாய் இருந்தது. இரண்டு துஆக்களுக்கு இடையே ஒரு விரல் அளவு வெற்றிடம் கூட இல்லை. "ஹழ்ரத், இதில் பிள்ளை எங்கே நிற்பான்?" என்று மட்டும் அவர்கள் கேட்டார்கள். காகிதத்தை மிச்சப்படுத்தியதை அதுவரை நாம் ஒரு சிறப்பாகவே எண்ணிக் கொண்டிருந்தோம்.

இதே நூலை வைத்துத்தான் பெண்களுக்கான மாலை வகுப்பும் நடந்தது. ஐம்பது வயதைக் கடந்த ஒரு தாய் மிகுந்த ஆவலுடன் சேர்ந்து, இரண்டு வாரத்தில் நின்றுவிட்டார்கள். முழங்கால் வலி என்று சொல்லி அனுப்பினார்கள். எழுத்துத் தெரியவில்லை என்று மற்றவர் முன் சொல்வதற்கு வெட்கப்பட்டார்கள் என்பது பல மாதங்கள் கழித்து அவர்களுடைய மகள் மூலமாகத் தெரிய வந்தது. அந்தத் தாயிடம் நாம் மன்னிப்புக் கேட்டுக் கொண்டோம். இங்கும் ஒருமுறை கேட்டுக் கொள்கிறோம்.

அருமைப் பெருமக்களே! ஓதுபவருக்கு எளிதாகும்படி பக்கத்தை அமைப்பது இக்காலத்து ஆடம்பரம் என்று யாரும் எண்ண வேண்டாம். ஆரம்ப கால முஸ்ஹஃப்களில் உயிர்க்குறிகள் இல்லை. எழுத்துகளை வேறுபடுத்தும் புள்ளிகளும் மிக அரிதாகவே இருந்தன. பா, தா, ஸா மூன்றும் ஒரே வடிவில் நின்றன. நாவால் கேட்டுப் பழகிய அரபியருக்கு அது போதுமானதாயிருந்தது. அரபி அல்லாத மக்கள் திரளாக இஸ்லாத்தில் இணைந்தபோது ஓதுதலில் பிழைகள் மலிந்தன. அப்போது பஸராவைச் சேர்ந்த, ஹிஜ்ரி 69-இல் வஃபாத்தான அபுல் அஸ்வத் அத்துஅலீ (ரஹ்) அவர்கள், ஓர் எழுத்தரை அமர்த்தி, மூல எழுத்தின் மையிலிருந்து வேறுபட்ட நிறத்தில் புள்ளிகளை இடச் செய்தார்கள் என்று வரலாறு கூறுகிறது. தாம் ஓதும்போது வாய் திறந்தால் எழுத்தின் மேலே ஒரு புள்ளி. வாய் கீழ்நோக்கித் தாழ்ந்தால் கீழே. இதழ் குவிந்தால் முன்னே. இவ்வாறு சிவப்பு மையில் புள்ளியிடப்பட்ட பழைய முஸ்ஹஃப் ஏடுகள் இன்றும் அருங்காட்சியகங்களில் உள்ளன. கற்பவனின் வாயைப் பார்த்து எழுத்து அமைத்தார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

பின்னர் ஹஜ்ஜாஜின் ஆட்சிக் காலத்தில் நஸ்ர் இப்னு ஆஸிம், யஹ்யா இப்னு யஃமர் (ரஹ்) ஆகியோர் பா, தா, ஸா போன்ற எழுத்துகளைப் புள்ளியால் பிரித்தனர் என்பர். இப்போது எழுத்துக்கும் புள்ளி, உயிருக்கும் புள்ளி. இரண்டு நிற மை இல்லாவிட்டால் குழப்பமே மிஞ்சும். ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த இலக்கண மேதை கலீல் இப்னு அஹ்மத் (ரஹ்) அவர்கள் இதற்கும் ஒரு தீர்வு கண்டார்கள். உகரத்திற்குச் சிறிய வாவ், அகரத்திற்குச் சாய்ந்த சிறிய அலிஃப், ஷத்திற்கு ஷீன் எழுத்தின் தலை என்று அவர்கள் வகுத்த குறிகளையே நம் பிள்ளைகள் இன்றும் கற்கின்றனர். ஒரே மையில் எழுதலாம். குறியே தன் ஓசையை நினைவூட்டும்.

இந்த மாற்றங்களை எல்லோரும் உடனே ஏற்றுக் கொண்டுவிடவில்லை. அல்லாஹ்வின் வேதத்தோடு எதையும் கலக்கலாகாது என்று அஞ்சிய பெரியோர் இருந்தனர். அந்த அச்சமும் மதிக்கத்தக்கதே. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் இது பற்றி வினவப்பட்டபோது, பிள்ளைகள் பாடம் கற்கும் முஸ்ஹஃப்களில் புள்ளியிடுவதில் தவறில்லை என்றும், மூலப் பிரதிகளாக வைக்கப்படும் முஸ்ஹஃப்களில் அது வேண்டாம் என்றும் கருத்துரைத்ததாக அறிவிக்கப்படுகிறது. பாதுகாக்கும் நூல் வேறு, கற்பிக்கும் நூல் வேறு என்ற இந்தப் பாகுபாடு நமக்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும்! நாம் தொகுத்தது பாதுகாக்கும் நூல். எல்லாம் அதில் இருந்தது. எதையும் எடுக்க முடியவில்லை.

நம் தாய்மொழிக்கும் இதே வரலாறு உண்டு. ஓலைச்சுவடியில் புள்ளியிடாமல் எழுதும் வழக்கத்தால் எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒன்றுபோலவே தோன்றின. பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் அவற்றை வடிவால் வேறுபடுத்தினார். அவர் நம் மார்க்கத்தவர் அல்லர். ஆயினும் இன்று நாம் எழுதும் ஒவ்வொரு ஏகாரத்திலும் அந்த உபகாரம் இருக்கிறது.

இனி, மனனம் செய்வோருக்கான பக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கு அமர்ந்திருக்கும் ஹாஃபிழ்கள் இதை நம்மினும் நன்கு அறிவார்கள். உஸ்மானிய துருக்கியில் ஒரு மரபு செழித்தது. பக்கத்திற்குப் பதினைந்து வரி. எந்தப் பக்கமும் ஓர் ஆயத்தின் நடுவில் முடியாது. ஒரு ஜுஸ்உவுக்கு இருபது பக்கம். உஸ்மான் தாஹா என்னும் எழுத்துக் கலைஞரின் கையெழுத்தில், 1984-இல் தொடங்கப்பட்ட மதீனாவின் மன்னர் ஃபஹத் அச்சகத்திலிருந்து வெளிவரும் முஸ்ஹஃபும் இந்த அமைப்பிலேயே 604 பக்கங்களைக் கொண்டுள்ளது. குர்ஆனிலேயே மிக நீளமான ஆயத், அதாவது கடன் கொடுக்கல் வாங்கல் பற்றிய பகரா அத்தியாயத்தின் 282-வது ஆயத், அதில் முழுதாக ஒரு பக்கத்தை நிரப்பி, அதே பக்கத்தில் முடிகிறது. இது தானாக அமைந்ததன்று. எழுத்தர் ஒவ்வொரு வரியையும் சற்றே விரித்தும் சுருக்கியும் எழுதி இந்த எல்லைக்குள் கொண்டுவர வேண்டும். அவர் பட்ட அந்தச் சிரமம் ஓதும் பிள்ளைக்கு மிச்சமாகிறது.

நம் நாட்டு முஸ்ஹஃப்களில் ஓரத்தில் ஐன் எழுத்தொன்று இருக்கும். அதில் மேலும் நடுவும் கீழும் மூன்று சிறு எண்கள் உள்ளன. மேலே உள்ளது அந்த அத்தியாயத்தில் அது எத்தனையாவது ருகூஃ என்பது. நடுவில் அந்த ருகூஃவில் உள்ள ஆயத்துகளின் எண்ணிக்கை. கீழே அந்த ஜுஸ்உவில் அது எத்தனையாவது ருகூஃ என்பது. நாள்தோறும் கையில் எடுக்கும் பலர் இதைக் கேட்டறிந்ததில்லை. ஒரு நகக்கண் அளவு இடத்தில், "நீ எங்கே இருக்கிறாய், இன்னும் எவ்வளவு தூரம்" என்ற இரு செய்திகளையும் ஓதுபவனுக்குச் சொல்லிவிடுகிறார்கள்.

நாம் ஹிஃப்ழு ஓதிய காலத்து நிகழ்ச்சி ஒன்று. அப்போது நமக்குப் பன்னிரண்டு வயது. பதினெட்டு ஜுஸ்உ முடிந்திருந்த நிலையில் நமது முஸ்ஹஃபின் தையல் விட்டு ஏடுகள் உதிர்ந்தன. தகப்பனார் அவர்கள் கடன் வாங்கிப் புதியதொன்று வாங்கி வந்தார்கள். பழையதைவிட அழகானது, ஓரமெல்லாம் பூவேலை. ஆனால் வரிக் கணக்கு வேறு. ஒரே வாரத்தில் நன்கு மனனமாயிருந்த ஜுஸ்உகள் எல்லாம் தடுமாறின. ஓதிக்கொண்டே போவோம், மனம் வலப்பக்கத்து அடி வரியைத் தேடும், அங்கே வேறு ஆயத் இருக்கும். சோம்பல் என்று கருதி உஸ்தாது தண்டித்தார்கள். நமக்கும் காரணம் சொல்லத் தெரியவில்லை. மத்ரஸாவிலிருந்த முதிய ஹாஃபிழ் ஒருவரே விவரம் கேட்டறிந்து, பழைய அச்சுப் பிரதியொன்றைத் தேடிக் கொடுத்தார்கள். அதன்பின் நாம் பிரதியை மாற்றியதே இல்லை. தகப்பனார் வாங்கித் தந்த அந்தப் பூவேலை முஸ்ஹஃபை இன்றும் வீட்டில் பேணி வைத்திருக்கிறோம்.

அந்த முதியவர் அனுபவத்தால் அறிந்ததை ஆராய்ச்சியும் உறுதி செய்கிறது. 1971-இல் ராத்காஃப் என்னும் அமெரிக்க ஆய்வாளர், வாசித்தவர்களிடம் குறிப்பிட்ட செய்தி பக்கத்தில் எங்கே இருந்தது என்று கேட்டார். இடத்தை நினைவில் வைக்கும்படி யாரும் அவர்களிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. ஆயினும் வெறும் ஊகத்தால் சொல்வதைவிட நன்றாகவே அவர்களால் இடத்தைக் குறிப்பிட முடிந்தது. மனம் சொல்லோடு சேர்த்து, சொல் நின்ற இடத்தையும் எடுத்துக் கொள்கிறது. ஆகவே ஒவ்வொரு பதிப்பிலும் பக்கத்தை மாற்றி மாற்றி அச்சிடுவது, அண்ணன் ஓதிய நூலைத் தம்பிக்கு அந்நியமாக்குவதாகும்.

எனினும், இடத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதைத்தான் அந்த ஒன்பது வயதுப் பிள்ளை நமக்குக் காட்டினான். வரிசையாக ஓதத் தெரிந்தவன், தேவைப்படும்போது தனியே எடுக்கவும் பழக வேண்டும். இதற்கும் ஆய்வுச் சான்று உண்டு. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் இரு அமெரிக்க உளவியலாளர்கள் மாணவர்களிடம் ஒரு பகுதியை வாசிக்கச் செய்தார்கள். பின்னர் ஒரு சாரார் அதையே மீண்டும் வாசித்தனர். மறு சாரார் தாளைப் பாராமல் நினைவிலிருந்ததை எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மீண்டும் வாசித்தவர்களே முந்தினர். 81 விழுக்காட்டுக்கு 75. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோதோ வாசித்தவர்களுக்கு 42, நினைவிலிருந்து எழுதியவர்களுக்கு 56. பாடம் முடிந்த உடனே ஒப்புவிக்கச் சொல்லி மகிழும் நம் போன்றோர் இந்த ஐந்து நிமிடக் கணக்கில்தான் ஏமாறுகிறோம்.

ஹிஃப்ழு மத்ரஸாக்களில் புதிய சபக்கோடு பழைய பாடத்தையும் நாள்தோறும் முஸ்ஹஃபைப் பாராமல் ஒப்புவிக்கும் முறை இதற்காகவே இருக்கிறது. ஓதியது கட்டப்பட்ட ஒட்டகத்தைவிட விரைவாக நழுவிவிடும் என்ற கருத்தில் பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரித்ததை நாம் அறிவோம். ஒவ்வொரு ரமழானிலும் ஜிப்ரீல் (அலை) அவர்களுடன் அவர்கள் குர்ஆனை ஓதி ஒப்பிட்டு வந்ததையும் அறிவோம். மேல்நிலை மாணவனுக்கு இந்த ஏற்பாடெல்லாம் உண்டு. அலிஃப் பா ஓதும் குழந்தைக்கு மட்டும், பக்கம் முடிந்தால் முடிந்ததுதான். திரும்பி வருவதே இல்லை. அந்தக் குழந்தையின் நூலிலேயே திரும்பி வரும் வழியை வைத்துவிட வேண்டும்.

தமிழ் எழுத்தில் அரபி அச்சிடுவது பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். நம் நூலில் முதலில் அரபி, அதன்கீழ் தமிழ் எழுத்தில் உச்சரிப்பு, கடைசிப் பக்கங்களில் பொருள் என்று வைத்திருந்தோம். விளைவு என்ன? கண் எளியதையே நாடும். பிள்ளைகள் அரபி வரியைத் தாண்டிவிட்டுத் தமிழ் வரியையே ஓதினர். தமிழில் காஃபும் கா'ஃபும் ஒன்றே. பெரிய ஹாவும் சிறிய ஹாவும் ஒன்றே. "கல்ப்" என்று அச்சிட்டால் அது இதயமா, நாயா? ஓதும் குழந்தை எதைச் சொல்கிறது என்பதை அல்லாஹ்வே அறிவான்! நம் முன்னோர் இதற்கு நேர்மாறான வழியைக் கண்டிருந்தார்கள். அரபி எழுத்துகளோடு சில புள்ளிகளைச் சேர்த்து, தமிழையே அரபி எழுத்தில் எழுதினார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்கள் காலத்தில் அந்த அரபுத்தமிழ் நூல்களைப் படித்தே நம் பாட்டிமார் பலர் மார்க்கச் சட்டங்களை அறிந்து கொண்டனர். குர்ஆன் ஓத அறிந்த கண்ணுக்கு வேறு எழுத்துக் கற்க வேண்டிய சுமை இல்லை. இன்று அதற்குத் திரும்ப இயலாது. பிள்ளைகளுக்கு அது பழக்கமில்லை. ஆனால் கற்பவனுக்கு ஏற்கெனவே தெரிந்ததிலிருந்து தொடங்கு என்ற அவர்களுடைய நோக்கத்தை நாம் எடுத்துக் கொள்ளலாம்.

பொருளைக் கடைசிப் பக்கத்தில் வைத்ததும் தவறே. ஆஸ்திரேலியாவின் ஸ்வெல்லர், சேண்ட்லர் ஆகியோர் 1992-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றோடொன்று சேர்ந்தே புரிய வேண்டியவற்றைப் பிரித்து வைத்தால், இங்கும் அங்கும் பார்த்து ஒட்டவைப்பதிலேயே மனத்தின் ஆற்றல் செலவாகிவிடுகிறது என்று காட்டினார்கள். மத்னு ஓரிடம், ஷரஹு ஓரிடம், ஓரத்தில் தலைகீழாக ஹாஷியா என்று கிதாபு ஓதிய நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. நாம் அதில் பழகிவிட்டோம். அதனால் அது எல்லோருக்கும் எளிது என்று நினைத்துவிட்டோம்.

புதிய நூலை வழுவழுப்பான தாளில், பக்கம்தோறும் வண்ணப் படங்களுடன் அச்சிடலாம் என்று சில இளைஞர்கள் யோசனை கூறினார்கள். அவர்களுடைய ஆர்வத்திற்கு அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக. ஆனால் பளபளப்பான தாளில் விளக்கொளி பட்டு எழுத்து மறைகிறது. நம் மாடி வகுப்பில் உட்கார்ந்து பாருங்கள். பாடத்தோடு தொடர்பில்லாத படம் பாடத்தின் இடத்தைப் பிடித்துக் கொள்கிறது. ஒளூவின் முறையைக் காட்டும் படம் வேண்டும். பக்க மூலையில் பட்டாம்பூச்சி வேண்டாம். 2018-இல் மெல்போர்ன் நகரப் பல்கலைக்கழகம் ஒன்று, வாசிக்கச் சிரமமான சிதைந்த எழுத்துருவை உருவாக்கி, சிரமப்பட்டு வாசித்தால் நினைவில் நிற்கும் என்று அறிவித்தது. பின்னர் வந்த ஆய்வுகளில் அந்தப் பயன் காணப்படவில்லை. எனவே, கஷ்டப்பட்டால்தான் கல்வி என்று கூறி நமது பழைய பொடி எழுத்தை யாரும் நியாயப்படுத்த வேண்டாம். நினைவிலிருந்து எடுப்பதில் சிரமம் இருக்கட்டும். எழுத்தைக் கண்டுபிடிப்பதில் சிரமம் எதற்கு?

தஜ்வீதுச் சட்டங்களுக்கு வண்ணம் தீட்டிய முஸ்ஹஃப்களைப் பற்றியும் கேட்டுள்ளனர். தொடக்கத்தில் உதவும் என்பதே நம் கருத்து. ஆயினும் வண்ணம் இல்லாத பிரதியில் பிள்ளை ஓதுகிறானா என்று வாரம் ஒருமுறை பார்த்துக் கொள்ள வேண்டும்.

நூலை எந்தப் பக்கமிருந்து திறப்பது என்பதில் மட்டும் நிர்வாகக் குழுவில் ஒன்றரை மணி நேரம் விவாதம் நடந்தது. அரபி வலமிருந்து வருகிறது, தமிழ் இடமிருந்து வருகிறது. ஒரே பக்கத்தில் இரண்டையும் வைத்தால் பிள்ளையின் விரல் நடுவில் முட்டிக் கொள்கிறது. முடிவில் வலமிருந்தே திறப்பது என்றும், விரித்தால் வலப்பக்கம் முழுதும் அரபி, இடப்பக்கம் முழுதும் தமிழ் என்றும் தீர்மானித்தோம். செயலாளர் அவர்கள் இன்னும் முழு மனத்தோடு சம்மதிக்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறோம்.

மாதிரியாக எட்டு பக்கங்களை ஆயத்தம் செய்துள்ளோம். ஒரு விரிப்புக்கு ஒரே துஆ. வலப்பக்கத்தில் அரபி, பெரிய எழுத்தில், மூச்சு நிற்கும் இடத்தில் வரி முடியும்படி. இடப்பக்கத்தின் தலையில் துஆவின் பெயர் இல்லை. "செருப்பை மாட்டிக் கொண்டு வாசலில் நிற்கிறாய்" என்பது போன்ற ஒரு நிலைமை மட்டுமே. அதன்கீழ் பொருள். அடியில், மூன்று நாட்களுக்கு முன் கற்ற பாடத்திலிருந்து ஒரு கேள்வி. விடை அச்சிடப்படவில்லை, திருப்பிப் பார்க்க வேண்டிய பக்க எண் மட்டும் உண்டு. தமிழ் எழுத்தில் உச்சரிப்பு எங்கும் கிடையாது. அலிஃப் பா முடிக்காத பெரியவர்களுக்கு உஸ்தாதுமார் வாயால் சொல்லிக் கொடுப்பார்கள். நாற்பது துஆக்களில் பதினெட்டை மட்டுமே எடுத்துள்ளோம். எஞ்சியவற்றை ஏன் விட்டீர்கள் என்று பெரியோர் சிலர் வருந்துகின்றனர். அவை பழைய நூலில் பத்திரமாகவே உள்ளன. அந்த முன்னூறு பிரதிகளையும் வீட்டிற்கு ஒன்றாக வழங்கிவிடலாம்.

மாதிரிப் பக்கங்கள் மத்ரஸா அறையில் வைக்கப்பட்டுள்ளன. தாய்மார்கள் ஆளுக்கொரு பிரதி எடுத்துச் சென்று, தம் பிள்ளைகளிடம் ஒரு வாரம் ஓதக் கொடுத்து, பிள்ளையின் விரல் எங்கே தடுமாறுகிறது என்று பென்சிலால் ஒரு கோடிட்டுத் திருப்பித் தர வேண்டுகிறோம். கண்ணாடி அணிந்தும் எழுத்துச் சிறியதாகத் தெரிந்தால் அதையும் தயங்காமல் குறிக்கவும்; பெயர் எழுத வேண்டியதில்லை. அந்தப் பிரதிகள் எல்லாம் வந்து சேர்ந்த பின்னரே அச்சகத்திற்குக் கொடுப்போம். அதுவரை செலவினத் தீர்மானத்தை நிறைவேற்ற வேண்டாம் என்று முத்தவல்லி அவர்களைக் கேட்டுக் கொள்கிறோம்.

வஸ்ஸலாம்.